ஜூன் விடுமுறையில் கூங்கி ஏரி: அடிலெய்டிலிருந்து சொந்தமாக வண்டி ஓட்டிப் போகலாமா?

ஈசூன்வாசி கேட்டது:

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறைக்குத் தென் ஆஸ்திரேலியா போவதாகத் திட்டம். பெரியவர்கள் 3 பேர் (அதில் என் மாமனாருக்கு 68 வயது), பிள்ளை ஒருவன், 12 வயது. சிங்கப்பூரிலிருந்து அடிலெய்டு வரை நேரடி விமானம், அங்கே வண்டி வாடகைக்கு எடுத்து இன்னமிங்கா என்ற சிற்றூர் வழியாகக் கூங்கி ஏரிக்குப் போய் இரண்டு இரவு கூடாரம் போட ஆசை. பாலைவனத்துக்கு நடுவில் நன்னீர் ஏரி என்பதுதான் இழுக்கிறது. கையில் 10 நாள் இருக்கிறது.

சந்தேகங்கள்: சாதாரண எஸ்யூவி போதுமா? ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? முதலை உண்டா? இரவில் நெருப்பு மூட்டிச் சமைக்க விடுவார்களா? போய்ச் சேர்ந்தபின் ஏரி வறண்டு கிடந்தால் என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கூழைக்கடா எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

அந்த ஏரிக்குத் தண்ணீர் அந்த ஊர் மழையில் வருவதில்லை. குவீன்ஸ்லாந்தில் தாம்சன், பார்கூ என்று இரண்டு ஆறுகள் விண்டோரா ஊருக்கு மேலே கூடிக் கூப்பர் கிரீக் ஆகின்றன. அங்கே பெய்த மழை பரந்த வெள்ளச் சமவெளியில் கிளை கிளையாகப் பிரிந்து, ஊர்ந்து, வாரக்கணக்கில் நடந்து இன்னமிங்கா வருகிறது. இன்னமிங்காவைத் தாண்டியதும் ஆறு இரண்டாகப் பிரியும். வடமேற்குக் கிளை கூங்கிக்குப் போகிறது. சாதாரண வரத்தை அந்தக் கிளையே வாங்கிக்கொள்ளும். பெருவெள்ளம் வந்தால்தான் மற்றக் கிளை வழியே கதி தண்டா, அதாவது ஏர் ஏரிவரை தண்ணீர் எட்டும்.

கூங்கி நன்னீராக இருப்பதற்கும் இதுவே காரணம். அது கடைசி ஏரி இல்லை. நிரம்பியதும் அடுத்தடுத்த ஏரிகளுக்கு வழிந்துவிடுவதால் உப்பும் கூடவே போய்விடுகிறது. ஏர் ஏரிக்கு வெளியேற வழி கிடையாது. வந்த தண்ணீரெல்லாம் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிவிடும்.

வரிசையில் முதலில் நிரம்புவது கூங்கி என்பதால் பெரும்பாலான ஆண்டுகளில் தண்ணீர் இருக்கும். ஆனால் ஆழமில்லாத ஏரி, வரத்து தவறிய ஆண்டுகளில் வற்றியும் இருக்கிறது. ஆகவே ஜூனில் போகிறவர்கள் பிப்ரவரியிலிருந்தே மேற்கு குவீன்ஸ்லாந்து மழையையும் கூப்பர் கிரீக் நீர்மட்ட அளவுகளையும் பார்த்துவர வேண்டும். ஆஸ்திரேலிய வானிலை நிலையம் ஆற்று நீர்மட்டங்களை இணையத்தில் போடுகிறது. இன்னொரு பக்கம், வரத்து அளவுக்கு மீறினாலும் சிக்கல்தான். 2025 மார்ச் இறுதியில் அங்கே கொட்டிய மழையில் ஊர்களே மூழ்கின, கீழ்ப்பக்கம் வெள்ளம் வடிய மாதக்கணக்கானது. அப்படிப்பட்ட ஆண்டில் ஏரி தளும்பும், உங்கள் வண்டிக்குப் பாதை இருக்காது.

முதலை கிடையாது. இணையத்தில் தேடினால் 'கூப்பர் கிரீக் முதலை' என்று படங்கள் வரும். அது குவீன்ஸ்லாந்துக் கடற்கரையில் டெயின்ட்ரீ காட்டுக்குள் ஓடும் வேறொரு கூப்பர் கிரீக்.

நெருப்பு: கூங்கி ஏரி முகாமில் விறகு நெருப்பு எந்த மாதத்திலும் கூடாது. எரிவாயு அடுப்பு மட்டும்தான். ஜெனரேட்டர், மோட்டார் படகு, தூண்டில், நாய் எதற்கும் அனுமதி இல்லை. 1987இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். அந்தப் பட்டியலில் குறித்த பரப்பு ஏறத்தாழ 21,800 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூரைப்போல் 30 மடங்கு. ஏரிகளைச் சுற்றிய பகுதி 2005இல் தேசியப் பூங்காவானது. அந்த நிலத்துக்கு உரிய மக்கள் யாண்ட்ருவாண்டா யாவரவரிக்கா. கல்லாயுதமோ சிப்பிக் குவியலோ கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும், பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பைனாகுலர் கட்டாயம். கூழைக்கடா, நீர்க்காகம், அன்னம் இவற்றைக் கரையிலிருந்தே பார்க்கலாம். புள்ளி வாத்து ஒன்று உண்டு, தலை பின்பக்கம் சற்றே கூம்பி இருக்கும். ஆஸ்திரேலியாவின் அரிய வாத்து அதுதான், அதற்காகவே கூங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

---

மணல்தடம் எழுதியது:

எஸ்யூவி போதாது. தரை இடைவெளியை யோசித்துச் சொல்லவில்லை, முதல் காரணம் வாடகை ஒப்பந்தம். ஊரிலுள்ள வழக்கமான வாடகை நிறுவனங்கள் தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்புறுதி செல்லாது என்றே எழுதியிருக்கும். ஃபோர் வீல் டிரைவ் வாடகைக்கு விடும் சிறப்பு நிறுவனங்களிலும் ஸ்ட்ரெஸ்லெக்கி தடம், கூங்கி தடம் இரண்டுக்கும் பெயர் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். 'மண்சாலை பரவாயில்லை' என்று கவுன்டரில் வாயால் சொன்னது எடுபடாது. அடிப்பாகச் சேதம், தண்ணீர்ச் சேதம், வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்வது ஆகிய மூன்றும் பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும். இழுவை வண்டிச் செலவு யார் தலையில் என்றும் கேளுங்கள். அங்கிருந்து வண்டியை இழுத்து வருவதென்றால் விடுமுறைச் செலவு முழுவதையும் அது தாண்டிவிடும்.

உங்களில் யாருக்காவது 3ஏ உரிமம்தான் என்றால் கவனம். அது ஆட்டோ கியருக்கு மட்டும். ட்ரூப் கேரியர் மாதிரி வண்டிகளில் கைக்கியர்தான் இன்னும் நிறைய ஓடுகிறது.

தூரம்: அடிலெய்டிலிருந்து லிண்டர்ஸ்ட் சுமார் 570 கிமீ, தார்ச்சாலை. அங்கிருந்து ஸ்ட்ரெஸ்லெக்கி தடத்தில் இன்னமிங்கா சுமார் 470 கிமீ. இதில் தார் போடும் வேலை கட்டம் கட்டமாக நடந்து வருகிறது, மண்ணும் தாருமாக மாறி மாறி வரும். இந்த 470க்கும் நடுவில் எரிபொருள் கிடையாது. மூம்பா எரிவாயு வயல் வரைபடத்தில் ஊர்போலத் தெரியும், அது நிறுவன வளாகம், உங்களுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. இன்னமிங்காவிலிருந்து கூங்கி ஒருவழி 110 கிமீக்குச் சற்று மேல். ஆனால் 3 மணி நேரம் வையுங்கள். குட்ரிமிச்சி முகாமைத் தாண்டிய பிறகுதான் உண்மையான மணல்.

டீசல் கணக்கு: மண்சாலையில் 100 கிமீக்கு 13 லிட்டர் என்றால் இன்னமிங்கா வர 61 லிட்டர். அங்கே மறுபடி நிரப்பிக்கொண்டால் கூங்கி போய்வர மணலில் 18 லிட்டர் வீதம் 40. ஹைலக்ஸ் மாதிரி 80 லிட்டர் தொட்டி என்றால் தாளில் போதும். ஆனால் 350ஆவது கிலோமீட்டரில் சாலையை மூடிவிட்டார்கள், லிண்டர்ஸ்டுக்கே திரும்ப வேண்டும் என்றால்? அதற்குத்தான் இரண்டு 20 லிட்டர் ஜெரி கேன். வண்டிக்குள் வைக்காதீர்கள், வெளித்தாங்கியில் கட்டுங்கள். உச்சியில் எடை ஏற்றுவதையும் குறையுங்கள், தகரம்போல் வரிவரியான சாலையில் முதலில் உடைவது உச்சித்தாங்கிதான்.

அதே அதிர்வு பேட்டரி முனைகளையும் தளர்த்தும், ஜெரி கேன் மூடியையும் திறக்கும். தினமும் காலையில் என்ஜின் மூடியைத் திறந்து பேட்டரியைக் கையால் அசைத்துப் பாருங்கள். சக்கர நட்டு, உதிரிச் சக்கரம் தொங்கும் இடம், அடிப்பாகத்தில் எண்ணெய் ஈரம், இவையும் 5 நிமிட வேலை.

டயர்தான் இந்தப் பயணத்தின் முக்கால் பங்கு. லைட் டிரக் வகை டயர், உதிரி இரண்டு. காற்றழுத்தம் தார்ச்சாலைக்கு வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் அளவு. மண்சாலைக்கு 28 முதல் 32 பிஎஸ்ஐ, வேகம் 80ஐத் தாண்டாமல். மணலில் 18 முதல் 20, வேகம் 40. அழுத்தத்தைக் குறைத்துவிட்டு வேகத்தைக் குறைக்காதவர்களுக்குத்தான் பக்கச்சுவர் கிழியும். சரியான அளவா என்று பார்க்க ஒரு வழி உண்டு: காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்துகொள்ளுங்கள், ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி அளந்து பாருங்கள். 4 முதல் 6 பிஎஸ்ஐ கூடியிருந்தால் சரி. அதைவிட அதிகம் கூடினால் நீங்கள் வைத்த காற்று குறைவு, டயர் வளைந்து வளைந்து சூடாகிறது. ஏறவே இல்லை என்றால் காற்று அதிகம். திரும்பி வந்து காற்றடிக்க 12 வோல்ட் கம்ப்ரசர் வேண்டும். பேட்டரியில் நேராகக் கவ்வும் வகை வாங்குங்கள். சிகரெட் துளையில் செருகும் சின்ன வகை பெரிய டயருக்குத் திணறும், ஃபியூஸ் போய்விடும்.

மணலில் புதைந்தால்: சக்கரம் சுழலத் தொடங்கியதும் காலை எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு தடவை மிதித்தால் அச்சு மணலில் உட்கார்ந்துவிடும். வந்த தடத்திலேயே பின்வாங்கிப் பாருங்கள். நகரவில்லையா, 15 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், நான்கு சக்கரத்துக்கு முன்னும் மணலை மண்வெட்டியால் சரிவாக வெட்டுங்கள், மீட்புப் பலகையைச் சக்கரத்தை ஒட்டித் திணித்து, மெதுவாக ஏறுங்கள். பலகை மேலே சக்கரம் சுழன்றால் பற்கள் உருகிவிடும். ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை தேவை, இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக் இறங்கும். இன்னொரு வண்டி இழுக்க வந்தால் சான்று பெற்ற கொக்கியில் மட்டும் கட்டவிடுங்கள். டிரெய்லர் குமிழில் பட்டையை மாட்டி இழுத்து, குமிழ் பிய்த்துப் பறந்து ஆள் செத்திருக்கிறார்கள்.

ஒற்றை வண்டியாகக் கூங்கிக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 68 வயதுக்காரர் கூட வருகிறார் என்றால் இன்னும் கூடாது.

---

செங்காங் அக்கா எழுதியது:

வண்டி விஷயத்தை மணல்தடம் அண்ணன் சொல்லிவிட்டார். நான் பேப்பர் வேலையும் அடுக்களையும்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி போதும், ஆஸ்திரேலிய அரசின் கைபேசிச் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம், சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய வெள்ளி. குடும்பத்தில் யாராவது இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி என்றால் அவருக்கு ஈடிஏ கிடைக்காது, வருகையாளர் விசா எடுக்க வேண்டும். அதற்கு நாளாகும், இப்போதே போடுங்கள்.

சாப்பாட்டுப் பெட்டியில் கறிவேப்பிலை, வீட்டுக் கருவாடு, முட்டை, விதை எதுவும் வைக்காதீர்கள். மிச்சமுள்ள உணவுப்பொருள் எதுவானாலும் வருகை அட்டையில் 'ஆம்' என்று எழுதிக் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகபட்சம் குப்பையில் போடுவார்கள், மறைத்தால் அபராதம். தேக்காவிலிருந்து மூட்டை கட்ட வேண்டியதில்லை, அடிலெய்டிலேயே இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் அங்கே வாங்கிக்கொள்ளலாம். எரிவாயுக் குப்பி எப்படியும் விமானத்தில் ஏறாது.

அடுப்பு பற்றி ஒன்று. சிங்கப்பூரில் ஸ்டீம்போட்டுக்கு வைப்போமே, பியூட்டேன் குப்பி அடுப்பு, அது அங்கே விடிகாலையில் சண்டித்தனம் செய்யும். பியூட்டேன் கொதிநிலை பூஜ்யத்துக்கு அரை டிகிரிதான் கீழே. ஜூன் மாதப் பாலைவன விடியலில் 3, 4 டிகிரி வரும், குப்பிக்குள் வாயு ஆகாமல் திரவமாகவே கிடக்கும், சுடர் நீலமாக ஒரு விரல் உயரத்துக்கு மேல் எழும்பாது. டீத்தண்ணி கொதிக்க அரை மணி நேரம். புரொப்பேன் கலந்த எல்பிஜி சிறு சிலிண்டரும் ஒற்றை பர்னரும் எடுங்கள். இரண்டு லிட்டர் பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள், எரிவாயுவும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். காற்று பலமாக அடிக்கும், அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு வேண்டும். கூடாரத்துக்குள் வைத்துச் சமைக்கவே கூடாது.

தூக்கப் பை வாங்கும்போது 'கம்ஃபர்ட்' அளவு 0 டிகிரி என்று போட்டதைப் பாருங்கள். 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பினால் இரவு முழுக்க நடுக்கம்தான். அடியில் விரிப்பு நல்லதாக இருக்கட்டும், குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

---

ஈசூன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. என் உரிமம் 3ஏதான், நல்ல வேளை சொன்னீர்கள். குடிநீர் பற்றி யாரும் சொல்லவில்லையே? வடிகட்டி வைத்திருக்கிறேன். பிள்ளை ஏரியில் குளிக்கலாமா? கைபேசிக்கு ரோமிங் போதுமா?

---

படிகாரம் எழுதியது:

தம்பி, குடிநீரை அடிலெய்டிலிருந்தோ லிண்டர்ஸ்டிலிருந்தோ கொண்டுபோங்கள். ஏரியை நம்பாதீர்கள். கூப்பர் தண்ணீர் பால்விட்ட டீ நிறத்தில் இருக்கும். அவ்வளவும் நுண்ணிய களிமண், நாள் முழுக்க வாளியில் வைத்தாலும் தெளியாது. நடைக்காரர்கள் வைத்திருக்கும் வடிகட்டி ஓரிரு லிட்டரில் அடைத்துக்கொள்ளும். வேறு வழியே இல்லை என்றால் ஒரு வாளிக்குப் படிகாரக் கட்டியை நாலைந்து சுற்று கலக்கிவிட்டு, சில மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததைத் துணியில் வடித்து, பிறகு வடிகட்டி, பிறகு கொதிக்கவிட வேண்டும். கொதித்தால் கிருமி சாகும். நீலப்பச்சைப் பாசி இருந்தால் அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது. கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் தெரிந்தால் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

குளிர்காலத்தில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர். நீங்கள் 4 பேர், இன்னமிங்காவை விட்டு 3 நாள், சாலை மூடினால் இன்னும் 3 நாள், ஆக 120 லிட்டர். ஒரே தொட்டியில் ஊற்றாதீர்கள், ஒரு வெடிப்பு விழுந்தால் அத்தனையும் போகும். 20 லிட்டர் கேன் ஆறாகப் பிரியுங்கள். எடை 120 கிலோ, வண்டியின் சுமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவவும் உடம்பு துடைக்கவும் ஏரித் தண்ணீரை வாளியில் மொண்டு, கரையை விட்டு நன்றாகத் தள்ளிப் போய்ப் பயன்படுத்தலாம். சோப்பு ஏரியில் படக்கூடாது.

இந்த 3 நாள் உபரி சும்மா சொல்வதில்லை. அந்தக் களிமண்ணில் சில மில்லிமீட்டர் மழையே போதும், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்து வண்டி நின்றுவிடும். சாலையையும் மூடுவார்கள், மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். தென் ஆஸ்திரேலியப் போக்குவரத்துத் துறை வெளிப்புறச் சாலை நிலவரத்தை இணையத்தில் போடுகிறது. லிண்டர்ஸ்டில் ஒருமுறை, இன்னமிங்காவில் ஒருமுறை பாருங்கள். மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். வானிலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டி தெரியும், ஆள் தெரியாது.

குளியல்: இடுப்பளவு தண்ணீரில், காலில் செருப்போடு, பெரியவர் பக்கத்தில் இருந்தால் சரி. கலங்கலில் அடிமரமும் சிப்பி விளிம்பும் தெரியாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒரு வகை அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறக்கூடியது. ஜூன் குளிரில் ஆபத்து குறைவுதான், ஆனாலும் தலையை முக்கிக் குதிக்கும் விளையாட்டு வேண்டாம்.

வெள்ளம் வந்த ஆண்டில் கொசு அதிகம். ராஸ் ரிவர் காய்ச்சல், மர்ரே பள்ளத்தாக்கு மூளைக்காய்ச்சல் இரண்டும் கொசுவால் வருபவை. டீட் அல்லது பிக்காரிடின் உள்ள கொசு விரட்டி, சாயங்காலம் முழுக்கைச் சட்டை. பகலில் ஈக்கு முகவலை.

ரோமிங்கை மறந்துவிடுங்கள். இன்னமிங்காவை விட்டால் எந்தக் கைபேசியும் எடுக்காது. செயற்கைக்கோள் தொலைபேசியும், 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியும் வாடகைக்குக் கிடைக்கும், இரண்டும் எடுங்கள். ஒலிபரப்பி உயிர் ஆபத்துக்கு மட்டும். வண்டியில் யூஎச்எஃப் வானொலி இருந்தால் 40ஆம் அலைவரிசையில் வையுங்கள், எதிரே ரோட் டிரெயின், அதாவது பல டிரெய்லர் இழுக்கும் லாரி வந்தால் பேசிக்கொள்ளலாம். 53 மீட்டர் நீளம் வரை வரும். இடப்பக்கம் ஒதுங்கி நின்று புழுதி அடங்கியபின் கிளம்புங்கள்.

மாமனாரின் மருந்து, மருத்துவர் கடிதத்தோடு, கணக்குக்கு ஒரு வாரம் கூடுதலாக இருக்கட்டும். அங்கே மருத்துவம் என்றால் பறக்கும் மருத்துவர் சேவைதான். 1928இல் கட்டிய பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்று இன்னமிங்காவில் இருக்கிறது, அதில் இப்போது பூங்கா அலுவலகம்.

---

மணல்தடம் எழுதியது:

3ஏ, ஒற்றை வண்டி, பெரியவர், 10 நாள். இதற்கு நான் சொல்வது: இன்னமிங்கா வரை போங்கள், கூங்கியை இந்த முறை விடுங்கள். ஊருக்குக் கிழக்கே 16 கிமீ தூரத்தில் கல்லியமரா நீர்நிலை இருக்கிறது. கூப்பர் கிரீக்கிலேயே நன்னீர், ஏறத்தாழ 28 மீட்டர் ஆழம், வற்றுவதில்லை. அங்கே போகும் பாதை கூங்கி மணலோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை, வரிசை கட்டி நிற்கும் ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரத்தடியில் கூடாரம் போடலாம். கூழைக்கடாவும் வரும். ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்த பயணிகள் பர்க்கும் வில்ஸும் 1861இல் இந்த ஆற்றங்கரையில்தான் இறந்தார்கள். யாண்ட்ருவாண்டா மக்கள் உண்ணும் நார்டூ என்ற நீர்ப் பெரணியின் விதைபோன்ற வித்துறைகளை அந்த மக்கள் செய்யும் முறையில் பக்குவப்படுத்தாமல் தின்றதால் உடலில் வைட்டமின் பி1 அழிந்து இருவரும் இறந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. கூட வந்தவர்களில் அந்த மக்களோடு தங்கிய கிங் ஒருவர்தான் பிழைத்தார். நினைவிடங்கள் எல்லாம் பக்கத்திலேயே, பிள்ளைக்குப் பாடமாகவும் இருக்கும்.

நாள் பிரிப்பு: முதல் நாள் அடிலெய்டில் சாமான் வாங்க. இரண்டாம் நாள் லிண்டர்ஸ்ட். மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பி இன்னமிங்கா. ஜூனில் அங்கே மாலை 5.30 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், சிங்கப்பூர் 7 மணிக் கணக்கில் இருக்காதீர்கள். அந்தி நேரத்தில் கங்காருவும் வேலியில்லாத மாடும் சாலைக்கு வரும், 4.30க்குள் கூடாரம் போட்டாக வேண்டும். நான்கு, ஐந்து, ஆறு கல்லியமரா. ஏழு, எட்டு திரும்பும் பாதை. ஒன்பது மழைக்கென்று சும்மா விடுங்கள். மழை வராவிட்டால் ஃபிளிண்டர்ஸ் மலையில் செலவழிக்கலாம், வழியில்தான் இருக்கிறது. பத்தாம் நாள் விமானம்.

---

ஈசூன்வாசி எழுதியது:

கல்லியமராவுக்கும் முகாம் அனுமதி முன்பதிவு வேண்டுமா, நேரில் போய் வாங்கலாமா?

---

கூழைக்கடா எழுதியது:

அடிலெய்டில் இணையம் இருக்கும்போதே தென் ஆஸ்திரேலியத் தேசியப் பூங்கா இணையத்தளத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே போய்ப் பணம் கட்டலாம் என்று இருக்காதீர்கள். ரசீதைத் தாளில் அச்சடித்து முன்கண்ணாடியில் வையுங்கள், கைபேசித் திரையை நம்ப வேண்டாம். பதியும்போதே பூங்கா மூடல் அறிவிப்புப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள், சாலைத் துறையின் நிலவரமும் பூங்காவின் நிலவரமும் தனித்தனி. சாலை திறந்திருந்தாலும் முகாம் மூடியிருக்கலாம்.